ஒரே ஏட்டில் ஓடையும் உடம்பும்

இரவு பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டி, விரல் நுனியில் ஊசி குத்த வரும் சுகாதார ஊழியர்களைக் காஞ்சிபுரத்தின் மூத்த தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். பகலில் வந்து பயனில்லை. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் பகல் முழுக்க நுரையீரலின் ரத்தக் குழாய்களில் ஒதுங்கிக் கிடக்கும். ஊர் அடங்கிய பிறகுதான் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்துக்கு வரும். கியூலெக்ஸ் கொசு கடிக்க வருவதும் அந்த நேரத்தில்தான். அதனால்தான் இரவு ரத்தப் பரிசோதனை. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம், கூடவே அது எந்தத் தெரு, எந்த வீடு என்ற குறிப்பு.

தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-ல் தொடங்கியது. அதன் வேலைமுறையில் பாதிதான் இந்த ரத்தச் சொட்டு. மறுபாதி அதிகம் பேசப்படாதது. டார்ச் விளக்கும் உறிஞ்சு குழாயுமாக வீடுகளுக்குள் போய், சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுக்களைப் பிடித்து வருவார்கள். அவற்றை நுண்ணோக்கியின் கீழ் கீறி, உள்ளே நோய்ப் புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சாக்கடைத் தண்ணீரை அகப்பையில் மொண்டு கொசுப் புழுக்களை எண்ணுவார்கள், எண்ணெய் தெளிப்பார்கள். சாக்கடையில் எவ்வளவு, கொசுவில் எவ்வளவு, மனிதன் உடம்பில் எவ்வளவு என்ற மூன்று கணக்கும் ஒரே அலுவலகத்தில் இருந்தன. ஒரு தெருவில் நோய் கூடினால் அந்தத் தெருச் சாக்கடையை அன்றே போய்ப் பார்க்க முடிந்தது.

காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்பார்கள். குழித்தறியின் மிதியில் கால் வைத்தவனுக்கு இந்த ஊரில் சோறு உண்டு என்ற நம்பிக்கையில் பிறந்த பழமொழி அது. யானைக்கால் நோய் பிடித்தது அந்தக் கால்களைத்தான். வீங்கிய காலோடு குழிக்குள் இறங்கி மிதிக்க முடியாமல் தறியை விட்டவர்களின் வீடுகளில், நோய் என்பதும் வறுமை என்பதும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. 1996-ல் கடலூர் மாவட்டத்தில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்த ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரைத் திட்டம் நோய்ப் பரவலைப் பெருமளவு ஒடுக்கியது. முற்றிய நிலையில் இருப்பவர்களுக்குத் தமிழக அரசு இன்றும் மாத உதவித்தொகை தருகிறது.

கொசுவுக்காக இவ்வளவு செய்த நாம், சாயத்துக்காக, புகைக்காக, ஆற்றில் இறங்கும் உப்புக்காக அதே வேலையைச் செய்யவில்லை. தண்ணீரின் கணக்கு ஒரு துறையில் இருக்கிறது, நோயின் கணக்கு இன்னொரு துறையில். தொழிலாளியின் பெயர் மூன்றாவது ஒரு பேரேட்டில். மூன்றையும் ஒரே மேசையில் விரித்து வைக்கும் கை எது? காஞ்சிபுரத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

பின்கட்டில் வேகும் பட்டு

கர்நாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டு, தறிக்குப் போகும் முன் இரண்டு முறை வேகிறது. கோரா என்று சொல்லப்படும் இந்தக் கச்சா நூலின் மேல் செரிசின் என்ற பசை படிந்திருக்கும். நூலின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு இந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் கொதிக்க வைத்தால் பசை கரைந்து போகும், பட்டுக்கு அதன் மினுமினுப்பு வரும். ஒரு கிலோ கோராவுக்கு ஏறக்குறைய கால் கிலோ பசை சோப்பு நீரோடு சேர்ந்து வெளியே போகிறது. நஞ்சு என்று சொல்லத்தக்க பொருள் அல்ல அது. ஆனால் ஓடையில் சேர்ந்து அழுகும்போது தண்ணீரில் கரைந்துள்ள உயிர்வளியையெல்லாம் இழுத்துக்கொள்ளும். மீனும் தவளையும் இல்லாத, கொசு மட்டும் செழிக்கும் தண்ணீர் அப்படித்தான் உருவாகிறது. சாய ஓடையும் யானைக்கால் கொசுவும் தனித்தனிக் கதைகள் அல்ல என்பதை இந்த ஒரு விஷயமே சொல்லிவிடும்.

இரண்டாவது வேக்காடு சாயத்தில். கழியில் கோத்த நூல் சிட்டங்களைக் கொதிக்கும் தொட்டியில் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். நிறம் சீராகப் பிடிக்க வேண்டுமென்றால் கை ஓயக் கூடாது. பட்டுக்குப் போடுவது பெரும்பாலும் அமிலச் சாயங்கள் என்பதால் அசிட்டிக் அமிலத்தின் நெடி ஆவியோடு மூக்கில் ஏறும். விறகு அடுப்பு என்றால் புகையும் சேரும். அரக்குச் சிவப்பும் மயில்கழுத்து நிறமும் அச்சுப் பிசகாமல் கண்ணளவில் பிடிக்கிற அந்தச் சாயக்காரரின் திறமைக்குப் பட்டுச்சேலையின் விலையில் கிடைக்கும் பங்கு மிகச் சிறியது. புவிசார் குறியீடு பெற்ற சேலையில் ஊரின் பெயர் வருகிறது, நெசவாளியைப் பற்றியாவது பேசுகிறோம். சாயக்காரரைப் பற்றிப் பேசுவதே இல்லை.

திருப்பூரைப் போல மதில் சுவரும் புகைபோக்கியும் உள்ள ஆலைகள் இங்கே இந்த வேலைக்குத் தேவையில்லை. ஓர் அண்டா, ஓர் அடுப்பு, ஒரு கிணறு இருந்தால் வீட்டுப் பின்கட்டிலேயே சாயம் போட முடியும். நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபோது, மூடுவதற்கு அங்கே கதவுகள் இருந்தன. சட்டம் ஆலையைத் தேடிப் பழகியது. சமையலறைக்குப் பக்கத்தில் கொதிக்கும் தொட்டி அதன் கண்ணில் எளிதில் படாது. ஒவ்வொரு தொட்டியும் சிறியது என்பது உண்மை. ஒரு தெருவில் உள்ளவை எல்லாம் ஒரே வடிகாலில்தான் விழுகின்றன என்பதும் உண்மை.

அந்த வடிகால் எங்கே போகிறது? ஊருக்குள் ஓடும் மஞ்சள் நீர்க் கால்வாய் கழிவைச் சுமந்துகொண்டு நத்தப்பேட்டை ஏரிப் பக்கம் இறங்குகிறது. நகரின் தெற்கே வேகவதி. கரை ஆக்கிரமிப்புகளையும் அங்கிருந்தவர்களைக் கீழ்க்கதிர்ப்பூர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றுவதையும் பற்றிய செய்திகளில்தான் இந்த ஆற்றின் பெயர் நமக்கு அதிகம் தென்படுகிறது. வேகவதி கீழே போய்த் திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் சேர்கிறது.

திருமுக்கூடலில் கொஞ்சம் நிற்க வேண்டும். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டு. கோயிலோடு சேர்ந்து நடந்த ஆதுலர் சாலைக்கு, அதாவது நோயாளர் விடுதிக்கு, பதினைந்து படுக்கைகள் என்று அது சொல்கிறது. மருத்துவருக்கு எவ்வளவு நெல், அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மூலிகை கொண்டு வருபவருக்கும் நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கும் எவ்வளவு, எந்தெந்த மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். உடல்நலம் பொதுக் காரியம், பொதுக் காரியத்துக்கு எழுத்தில் கணக்கு வேண்டும் என்பது இந்த மூன்று ஆறுகளின் கரைக்குப் புதிதல்ல.

கியோட்டோ கேட்ட ஒரு கேள்வி

ஜப்பானின் கியோட்டோவும் கோயில்களும் பட்டும் சேர்ந்த ஊர்தான். கிமோனோத் துணிக்குச் சாயம் தீட்டும் கைவினைஞர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அவ்வூர் மருத்துவர் யோஷிடாவும் அவரோடு பணியாற்றியவர்களும், சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு வந்த ஆண்களிடம் என்ன தொழில் செய்தீர்கள் என்று முறையாகக் கேட்டுப் பதிவு செய்தார்கள். சாயத் தொழிலாளர்கள் அந்தப் பட்டியலில் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருந்தார்கள். தூரிகையின் நுனியைக் கூர்மையாக்க நாக்கில் தொட்டுக்கொள்ளும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. பென்சிடின் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்ட சாயங்கள் வயிற்றுக்குள் போனால் குடல் கிருமிகள் அவற்றை உடைத்து மீண்டும் பென்சிடினாக்கிவிடும். பென்சிடின் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்ட ஒன்று.

இந்தியாவில் 1990-களில்தான் இவ்வகை அசோ சாயங்கள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. தடைப் பட்டியலில் மொத்தம் 112 சாயங்கள். 1994-ல் ஜெர்மனி இத்தகைய சாயம் ஏறிய துணிகளை மறுத்ததும், நம் ஏற்றுமதிக்கு ஆபத்து வந்ததும் அதற்குப் பெரிய தூண்டுகோல். துணியை உடுத்தப் போகிற வெளிநாட்டவரின் தோலுக்காக வந்த தடை அது. நல்லதுதான் நடந்தது. ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகள் அந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றவர்களின் உடம்பைப் பற்றி யாரும் திரும்பிக் கேட்கவில்லை.

காலம் இங்கே மிக முக்கியம். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அன்றைக்குத் தொட்டு இன்றைக்கு வருவதல்ல. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும். 1985-ல் இருபது வயதில் சாயத் தொட்டிக்கு வந்தவருக்கு இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். காஞ்சிபுரத்துத் தொட்டிகளில் அந்த 112-ல் எதுவாவது இருந்ததா, இருந்தால் அதன் விளைவு என்ன என்பதற்கான விடை இந்தப் பத்தாண்டில் தெரிய வேண்டும். இப்போது கேட்காவிட்டால், கேட்பதற்கு அந்த மனிதர்கள் இருக்க மாட்டார்கள்.

கேட்பதற்கான இடம் ஊரிலேயே இருக்கிறது. நெசவாளர் குடும்பத்தில் இந்த ஊரில் பிறந்து, 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் நினைவாக எழுந்த அரசுப் புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் நடந்து வருகிறது. தமிழ்நாட்டில் புற்றுநோய்ப் பதிவேட்டுக்கு நீண்ட மரபும் உண்டு. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னைக்கான பதிவேட்டை நடத்துகிறது. 2012 முதல் மாநிலம் முழுவதற்குமான பதிவுப் பணியும் அதன் பொறுப்பில் நடக்கிறது. இந்தியாவின் பல மாநிலங்களுக்குக் கிடைக்காத கொடை இது.

ஆனால் பதிவேட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று ஒற்றைச் சொல் விழுந்தால் எல்லாம் அங்கேயே முடிந்தது. என்ன கூலி? பாவு போடுவதா, தறியா, சாயமா, ஜரிகையா? எத்தனை ஆண்டுகள்? வீட்டிலேயே தொட்டி இருந்ததா? அப்படியென்றால் மனைவியும் மக்களும் அதே ஆவியில் இருந்தவர்கள் ஆயிற்றே. பெண்ணின் சீட்டில் 'இல்லத்தரசி' என்று எழுதினால், முப்பது ஆண்டுகள் அவர் அலசிய சாய நூல் கணக்கிலிருந்து மறைந்துவிடும். இந்தக் கேள்விகளைக் கேட்க ஐந்து நிமிடம் போதும்.

இதைப் படிக்கும் சாயக்காரக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் கலந்து போனால், ஒருமுறை போய் நின்றுவிட்டாலும் சரி, சூடு என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் அவர் கேட்காமலே சொல்லுங்கள்.

மேல் ஊர்களிலிருந்து வரும் ஆறு

பாலாற்றுத் தண்ணீரில் சாயம் போட்டால் பட்டுக்குத் தனிப் பொலிவு என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ஓரிக்கைப் பக்கம் ஆற்று மணலில் இறக்கிய கிணறுகள் நகரத்துக்குக் குடிநீர் தருகின்றன. அந்த ஆறு காஞ்சிபுரத்துக்கு வருமுன் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வழியாக வருகிறது. மேல் பாலாற்றின் தோல் பதனிடும் தொழில் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தியச் சூழல் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று. கெடுத்தவரே ஈடு தர வேண்டும், கெடுமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் நம் சட்டத்தில் உறுதியாக இடம்பிடித்தது அதில்தான். ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்ற கணக்கு அத்தீர்ப்பில் இருக்கிறது.

நிலத்துக்குக் கணக்கு இருந்ததால் நிலத்துக்கு இழப்பீடு பேச முடிந்தது. நிலத்துக்கு சர்வே எண் உண்டு, பட்டா உண்டு. அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களின் தோலுக்கும் சிறுநீரகத்துக்கும் அப்படி ஒரு பேரேடு இல்லாதபோது, நீதிமன்றத்தில் வைக்க என்ன இருக்கும்? இழப்பீடு முழுமையாகப் போய்ச் சேராத நிலையில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. பாக்கியை வழங்கவும், கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் சொன்னது. அந்தக் குழுவின் பார்வை ராணிப்பேட்டையோடு நின்றுவிடக் கூடாது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஓரிக்கைக் கிணறுகளின் குரோமிய அளவும் கரைந்த உப்பின் அளவும் மாதந்தோறும் மாநகராட்சி வாசலில் எழுதி வைக்கப்பட வேண்டும். குடிக்கிறவனுக்குத் தெரியாத அளவீட்டால் குடிக்கிறவனுக்கு என்ன லாபம்?

அளக்க நமக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. 2019-ல் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அத்திவரதர் எழுந்தருளியபோது, அனந்தசரஸ் குளத்து நீரின் தூய்மை உயர் நீதிமன்றம் வரை போனது; மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த நீரைப் பரிசோதித்தது. பெருமாளின் குளத்துக்குக் காட்டிய அந்த அக்கறை மிகச் சரியானது. அதே அக்கறை நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்து வீட்டுக் கிணற்றுக்கும் வர வேண்டும்.

காற்றிலும் நம் ஆய்வாளர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். போரூர் ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவினரும் தமிழ்நாட்டின் நகரத்திலும் கிராமத்திலுமாக 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், சுவாசிக்கும் காற்றில் நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைவதாகக் கண்டார்கள். சிறிய எண் போலத் தோன்றும். அடுப்புப் புகை நிறைந்த அறையில் துகள் அளவு நூறு, இருநூறு என்று ஏறும்போது அது சிறியதாக இருக்காது. இந்த ஆய்வின் பலம் எல்லாம் ஒரு விஷயத்தில் இருக்கிறது: தாய் சுவாசித்த காற்றையும் குழந்தையின் எடையையும் ஒரே கோப்பில் வைத்தார்கள்.

எண்ண வருகிறவர் என்ன கொண்டு வருகிறார்?

மாசையும் நோயையும் இப்படி ஒரே கோப்பில் வைக்கும் திட்டத்தை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2002-ல் தொடங்கியது. எந்தப் பகுதியில் என்ன மாசு, எந்தப் பகுதியில் என்ன நோய் என்பதை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வலையமைப்பு அது. நம்மிடம் 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் எங்கே கூடுகிறது என்று விரைவில் சொல்லிவிடும். மெதுவாக, ஆண்டுக் கணக்கில் உடம்பில் ஏறும் நஞ்சைப் பார்ப்பதற்கு அது உருவாக்கப்படவில்லை.

பெரிய இயந்திரம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 2004-ல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்மக்கள் சமூகச் சூழல் கண்காணிப்பாளர்களாகத் தங்களை அமைத்துக்கொண்டார்கள். எந்த நேரத்தில், எந்தக் காற்றில், என்ன வாடை, யாருக்கு என்ன உபாதை என்று குறித்து வைத்தார்கள். எளிய வாளிக் கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வெறும் புகார் என்று தள்ளப்பட்டது ஆவணமாக மாறியது.

காஞ்சிபுரத்தில் இதைவிட எளிது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ஏற்கெனவே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு வீடாகப் போகிறார்கள். வீட்டில் சாயத் தொட்டி உண்டா, என்ன அடுப்பு, குடிக்கும் தண்ணீர் குழாயா கிணறா என்று அவர்கள் கேட்டுக் குறித்தால் போதும், ஊரின் பாதி வரைபடம் கிடைத்துவிடும். மீதிப் பாதி பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களிடம் இருக்கிறது. யார் எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தத் தெரு, எவ்வளவு நூல் வாங்கினார், எங்கே சாயம் போட்டார் என்பதெல்லாம் கூலிக் கணக்குக்காக எழுதப்பட்ட பேரேடுகள். அவற்றை அண்ணா மருத்துவமனையின் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தால், கியோட்டோவுக்குக் கிடைத்ததைவிட நல்ல ஆதாரம் நமக்குக் கிடைக்கும்.

ஆனால் ஒன்று. எண்ணும் கை பூட்டுச் சீலோடு மட்டும் வருமானால் ஒரு சாயக்காரரும் கதவைத் திறக்க மாட்டார். அன்றாடம் கூலி வாங்கிச் சாப்பிடுகிற குடும்பம் தன் தொட்டியை மறைக்கத்தான் செய்யும். அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. யானைக்கால் திட்டம் ஏன் வீடுகளுக்குள் போக முடிந்தது? ரத்தத்தில் புழு கண்டவரை அது தண்டிக்கவில்லை, மாத்திரை கொடுத்தது. சாயத்துக்கும் அப்படியொரு மாத்திரை வேண்டும். தெருவுக்குப் பொதுவான சாயச்சாலை, அதற்கு அரசே கட்டித் தரும் சுத்திகரிப்பு, புகை போக எரிவாயு அடுப்பும் கூண்டும், தடை செய்யப்படாத சாயம் என்று சான்றளித்துச் சங்கமே விற்கும் சாயப்பொடி, கையுறை, ஆண்டுக்கு ஒருமுறை இலவசச் சிறுநீர்ப் பரிசோதனை. ஒரு பட்டுச்சேலைக்கு இன்று நாம் கொடுக்கும் விலையில் இவற்றின் செலவு கண்ணுக்கே தெரியாது. சேலையின் விலைச்சீட்டிலேயே அந்தச் செலவைச் சேர்க்கலாம், வாங்குகிறவர்கள் கொடுப்பார்கள் என்றே நம்புகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, அந்த 112 சாயங்களின் தடை முழுமையான 1997-க்கு முந்தைய சங்கப் பேரேடுகளை நகலெடுப்பது. சாயம் போட்டவர்களின் பெயர்கள் அவற்றில்தான் இருக்கும். அதற்கு ஆய்வகம் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம். மாவட்ட ஆட்சியரின் ஓர் உத்தரவும், பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஓரிரு எழுத்தர்களும் இருந்தால் ஒரு கோடைக்குள் முடிக்கலாம்.